மீனுக்குத் தூய நீர் எது?

தூய நீர் என்றதும் நம் நினைவில் தோன்றுவது குடிநீரே. நாம் குடிக்கத் தகுந்த நீர் மீன் வாழவும் தகுந்ததாகத்தானே இருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. மட்டாஞ்சேரியில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி, குழாயைத் திறந்து நிரப்பி, கடையிலிருந்து பையில் கொண்டுவந்த மீன்களை அப்படியே அதில் விடுபவருக்கு அந்த எண்ணம் ஒரே நாளில் மாறிவிடக்கூடும். மாலைக்குள் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மறுநாள் காலையில் மிதக்கும். நீரோ பளிங்குபோல் தெளிந்தே இருக்கும். கடைக்காரர் நோயுற்ற மீனைத் தந்துவிட்டார் என்று பழி அவர்மேல் விழும். பெரும்பாலும் குற்றம் அவருடையதன்று, நீருடையது.

நாம் நீரைக் குடிக்கிறோம். மீன் நீரில் மூச்சு விடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால் மற்றவை எல்லாம் விளங்கும். நன்னீர் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, அது வாழும் நீரில் உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆகவே செவுள்களின் மெல்லிய தோல் வழியாக வெளிநீர் ஓயாமல் உள்ளே புகுகிறது. உடலின் உப்பு ஓயாமல் வெளியே கசிகிறது. புகுந்த நீரை மீன் இடைவிடாது சிறுநீராக வெளியேற்றுகிறது. இழந்த உப்பை அதே செவுள்களால் சுற்றிலுமுள்ள நீரிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. பிராணவாயுவை வாங்குவதும், உடற்கழிவான அமோனியாவைப் போக்குவதும் செவுள்களே. நமக்கு நுரையீரலும் சிறுநீரகமும் குடலும் பகிர்ந்து செய்யும் வேலையை மீனுக்கு அந்தச் சிவந்த இதழ்கள் செய்கின்றன என்றால் மிகையன்று.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படும். ஒன்று, செவுளைப் புண்படுத்தும் பொருள் அணுவளவு இருந்தாலும் மீனுக்கு ஆகாது. குழாய் நீரில் நோய்க் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரின் அத்தகையது. இந்தியக் குடிநீர்த் தர விதிப்படி, நம் வீட்டுக்கு வரும் நீரில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். நமக்குக் காவலாகும் அந்த அளவில் பத்தில் ஒரு பங்கு தொடர்ந்து இருந்தாலே பல மீன்களின் செவுள் கெடும். மற்றொன்று, எல்லாவற்றையும் நீக்கிய நீரும் மீனுக்கு ஆகாது. வாலையில் வடித்த நீரில் பொறுக்கி எடுக்க உப்பே இல்லை. மீனுக்குத் தூய நீர் என்பது ஒன்றும் இல்லாத நீர் அன்று. கேடு செய்வது மட்டும் இல்லாத நீர்.

கொச்சியில் இந்தப் பிரச்சினை தனி வடிவம் பெறுகிறது. நான்கு புறமும் நீர் சூழ்ந்த ஊர் இது. ஆனால் அந்த நீர் உவர்நீர். பழங்காலத்தில் வசதியுள்ளவர்கள் ஆலுவாவிலிருந்து பெரியாற்று நீரைப் படகுகளில் தருவித்துக் குடித்தார்கள். மற்றவர்கள் கிணற்று நீரைக் கொண்டு காலம் தள்ளினார்கள். இங்கே மிகுந்திருந்த யானைக்கால் நோய்க்குக் “கொச்சிக் கால்” என்றே ஐரோப்பியர் பெயரிட்டு, அதற்குக் காரணம் கெட்ட தண்ணீர் என்று நெடுங்காலம் நம்பினர். 1877ஆம் ஆண்டில் சீனத்தில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவர், அந்நோயை உண்டாக்கும் புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்ட பிறகுதான் தண்ணீர்மீது சுமத்திய அந்தப் பழி நீங்கத் தொடங்கியது. தண்ணீர்ப் பஞ்சம் நீங்கிற்றா என்றால் அதுதான் இல்லை. 2023ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மூவாற்றுப்புழை ஆற்றின் கரையிலுள்ள பாழூர் நிலையத்தில் பம்புகள் பழுதுபட்டபோது, மேற்குக் கொச்சி மக்கள் வாரக்கணக்கில் குடங்களோடு லாரியை எதிர்நோக்கி நிற்க நேர்ந்தது. இத்தகைய ஊரில் மீன் தொட்டிக்கென்று தண்ணீரைச் செலவிடுபவர், அதைக் கணக்காகச் செலவிடக் கடமைப்பட்டவர்.

இங்கே கிடைக்கும் நீர் மூவகை: குழாய் நீர், கிணற்று நீர், மழை நீர். மூன்றின் குறையும் வேறு வேறு. ஆகவே மருந்தும் வேறு வேறு.

குழாய் நீரை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆற்று நீரில் படிகாரம் சேர்த்துச் சேற்றைத் திரட்டி, படியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். சேறும் கிருமியும் அங்கேயே போய்விட்டன. நாம் போக்க வேண்டியது குளோரின் ஒன்றே. மிக எளிய வழி, வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மூடாமல் ஒரு நாள் முழுதும், முடிந்தால் இரண்டு நாள் வைத்திருப்பது. வெயில் பட்டால் இன்னும் விரைவாகப் போகும். காற்றுப் பம்பை ஓடவிட்டாலும் அப்படியே. குறுகிய வாயுடைய பிளாஸ்டிக் குடத்தில் மூடிவைத்துவிட்டு, “இரண்டு நாள் வைத்தேனே, மீன் செத்துவிட்டதே” என்று கேட்பவர்கள் உண்டு. போக வழியில்லாமல் குளோரின் எங்கே போகும்?

காத்திருக்க இயலாதவர்களுக்கு ஹைப்போ இருக்கிறது. சோடியம் தயோசல்பேட் என்பது இதன் இரசாயனப் பெயர். புகைப்படச் சுருள்களைக் கழுவிய காலத்தில் ஒவ்வொரு ஸ்டூடியோவின் இருட்டறையிலும் இது இருந்தது. இன்று இரசாயனப் பொருள் கடைகளில் கேட்டு வாங்கலாம். ஒரு மில்லிகிராம் குளோரினை முறிக்க 7 மில்லிகிராம் ஹைப்போ இருந்தால் எந்த நிலையிலும் போதும். 10 கிராம் ஹைப்போவை ஒரு லிட்டர் நீரில் கரைத்துப் புட்டியில் வைத்துக்கொள்வோமானால், அந்தக் கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் இருக்கும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் உள்ள நீர் ஒரு வாளி, அதாவது 10 லிட்டர், எடுத்தால் அதற்கு 7 மில்லிலிட்டர், ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி, போதும். சிறிது கூடினாலும் கேடில்லை. விலையோ அற்பம். கவர்ச்சியான லேபிளோடு சிறு புட்டிகளில் விற்கும் குளோரின் நீக்கிகள் பலவற்றில் இருப்பதும் இதே பொருள்தான் என்பதை நண்பர்கள் அறிந்துகொள்வது பணப்பைக்கு நல்லது. குளோரினோடு அமோனியாவையும் சேர்த்துக் குளோரமின் என்ற பொருளாக இடும் ஊர்கள் வெளிநாடுகளில் உண்டு. அது வெயிலில் வைத்தால் எளிதில் போகாது. ஹைப்போ இட்டால் குளோரின் முறியும், அமோனியா தங்கிவிடும். அங்கே படிக்கச் செல்பவர்கள் இதை நினைவில் வைக்க.

கிணற்று நீருக்கு வருவோம். கடலோர மணற்பாங்கில் மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. நன்னீர் எடை குறைந்தது என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இறங்கியிருக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு கேட்க இனிமையாக இருந்தாலும் அதன் மறுபக்கம் கசப்பானது: மேலே ஒரு சாண் குறைந்தால், கீழே உவர்நீர் நாற்பது சாண் ஏறும். கோடையில் கிணறு உவர்ப்பதன் இரகசியம் இதுவே. காயலை ஒட்டிய வீடுகளில் ஆடி மாதம் இனித்த கிணறு பங்குனியில் கரிக்கும்.

உப்பைப் பொறுத்தவரை பலர் வீண் முயற்சி செய்கின்றனர். நீரைக் கொதிக்கவைக்கின்றனர், நீர் வற்ற வற்ற உப்பின் செறிவு மிகுமேயன்றிக் குறையாது. படிகாரம் இடுகின்றனர், அது சேற்றைத் திரட்டும், உப்பைத் தொடாது. நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்தார்களே, அதுவும் சேற்றுக்கான வைத்தியமே. கரி நிறத்தையும் நாற்றத்தையும் குளோரினையும் வாங்கிக்கொள்ளும், உப்பை விட்டுவிடும். படிகாரத்தைப் பற்றி இன்னொரு சொல்: மென்மையான நீரில் அது நீரின் காரத்தன்மையைக் குறைத்து அமிலப் பக்கம் தள்ளும்; அமில நீரில் கரைந்து நிற்கும் அலுமினியம் செவுளுக்கு நஞ்சு. மீன் தொட்டிக்குள் படிகாரம் போடவே வேண்டாம் என்பது என் துணிபு.

கிணற்று நீரில் இரும்பு இருந்தால் வாளியின் உட்புறம் செம்மை படரும். அதை ஒரு நாள் காற்றுப் பம்பால் குமிழியிடவைத்து, படிந்ததும் மேல்நீரை மட்டும் மணலில் வடித்தால் போதும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலும் அதே குமிழிதான் மருந்து. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் இடும் வழக்கம் கேரளத்தில் பரவலாக உள்ளது. இட்ட சில நாள்களுக்கு அந்த நீரில் குழாய் நீரைவிடக் குளோரின் கடுமையாக இருக்கும் என்பதை மறத்தலாகாது.

நீர் கடினமானதா மென்மையானதா என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஃபோர்ட் கொச்சியில் வேலிப் பகுதியிலுள்ள தோபிக் கானாவுக்கு ஒரு காலைப்பொழுதில் சென்று பாருங்கள். ஐரோப்பியப் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே துணி வெளுக்கிறார்கள், தமிழ் பேசுகிறார்கள். எந்த நீரில் சோப்பு நுரைக்கும், எதில் திரிந்து பிசுபிசுக்கும் என்பது அத்தொழில் செய்பவர்களுக்குக் கைவந்த பாடம். ஒரே அளவு சோப்புத் துருவலை இரண்டு புட்டிகளில் இட்டு, ஒன்றில் மழைநீரும் மற்றதில் கிணற்று நீரும் ஊற்றிக் குலுக்கினால் நமக்கும் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். திரிவது சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த கடின நீர்.

மழைநீரில் கொச்சிக்குக் குறைவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3 மீட்டர் மழை பெய்யும் ஊரில், 10 சதுர மீட்டர்க் கூரையில் மட்டும் 30,000 லிட்டர் விழுகிறது. தொட்டிக்கு வேண்டியது அதில் ஒரு சிறு துளியே. முதல் சில மழைகளைக் கூரை கழுவ விட்டுவிட்டுப் பின்னர்ப் பிடித்த நீரில் குளோரின் இல்லை, உப்பு இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கடைசியாகச் சொன்னதில்தான் ஆபத்து. நீரில் கரைந்த பைகார்பனேட் ஒரு மெத்தைபோல் இருந்து அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். மழைநீரில் அந்த மெத்தை இல்லை. தொட்டியில் கழிவுகள் சிதையும்போது அமிலம் உண்டாகும்; தாங்க ஒன்றுமில்லாததால் பி.ஹெச். எண் திடீரென்று சரியும். முதல் வாரம் நலமாயிருந்த மீன்கள் நான்காம் வாரத்தில் காரணம் தெரியாமல் மடிவது இதனால்தான்.

இதற்கு மருந்து வேம்பநாட்டுக் காயலிலேயே கிடக்கிறது. மலையாளத்தில் கக்கா என்றும் தமிழில் கிளிஞ்சல் என்றும் வழங்கும் சிப்பியின் ஓடு முழுக்க முழுக்கச் சுண்ணாம்புப் பொருள். அதை நன்றாகக் கழுவி, காயவைத்து, உடைத்து, ஒரு கைப்பிடியைத் துணிப்பையில் கட்டி வடிகட்டியில் வைத்தால், நீர் அமிலமாகும்போது ஓடு சிறிது கரைந்து அதைச் சமன் செய்யும். நீர் சமநிலையில் இருந்தால் பெரும்பாலும் சும்மா இருக்கும். தானே அளந்து ஊற்றிக்கொள்ளும் மருந்து வேறெங்கே கிடைக்கும்! குழாய் நீர் பாதி, மழைநீர் பாதி, ஒரு பிடி கிளிஞ்சல்: மட்டாஞ்சேரியில் பெரும்பாலான மீன்களுக்கு இதைவிட வேறு தேவையில்லை. வீடுகளில் உள்ள ஆர்.ஓ. இயந்திரத்தின் நீரை ஊற்றுவோரும் உளர். ஒரு குடம் எடுக்க இரண்டு மூன்று குடம் கழிவாக ஓடும் அந்த இயந்திரத்தை, லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில், கப்பி மீனுக்காக ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இவ்வளவு செய்தும் நீர் தயார் ஆகிவிடவில்லை. இதுவரை சொன்னது நீருக்கு வெளியிலிருந்து வந்த கேடுகளைப் பற்றி. இனி மீனே உண்டாக்கும் கேடு. மீன் விடும் அமோனியா, நீரில் இரண்டு உருவில் இருக்கும். ஒன்று பெரும்பாலும் தீங்கற்றது. மற்றது கொடிய நஞ்சு. இரண்டின் விகிதத்தை முடிவு செய்வன வெப்பமும் பி.ஹெச். எண்ணும். 30 டிகிரி வெப்பத்தில் பி.ஹெச். 7 ஆக இருந்தால் நஞ்சுருவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு; 8 ஆனால் ஏழு பங்குக்கு மேல். புதிதாகக் கட்டிய சிமெண்டுத் தொட்டியில் மீன் விட்டுக் கைநொந்து போனவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது: சிமெண்டிலிருந்து ஊறும் சுண்ணாம்பு பி.ஹெச். எண்ணை உயர்த்துகிறது, கொச்சியின் வெப்பம் அதற்குத் துணை நிற்கிறது. அத்தகைய தொட்டியைப் பலமுறை நிரப்பிக் கொட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

அமோனியாவைப் போக்க நம்மால் இயலாது, நுண்ணுயிர்களால் இயலும். மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர் அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். மற்றொரு வகை அதைப் பெரிதும் தீங்கற்ற நைட்ரேட் ஆக்கும். 1890ஆம் ஆண்டையொட்டி வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி மண்ணில் இவ்வேலை நடப்பதை விளக்கினார். இரண்டு படிகளையும் ஒரே நுண்ணுயிர் தனித்தே செய்வதும் உண்டு என்பது 2015இல் வெளியான ஆராய்ச்சிகளால் தெரிந்தது. இந்தக் குடியிருப்பு அமைய மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று மீன்களே போதும். உணவும் கிள்ளியே இட வேண்டும். பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு பிடி மணலோ பிழியாத பஞ்சோ வாங்கிவந்தால் வேலை விரைவில் முடியும். ஆவலோடு வடிகட்டியைக் குழாயின்கீழ் பிடித்துப் பளிச்சென்று கழுவுபவர், குளோரினால் அந்தக் குடியிருப்பையே அழித்துவிடுகிறார். மாற்றி எடுத்த தொட்டி நீரிலேயே அலசுவதுதான் முறை.

அந்த நுண்ணுயிர்களுக்கும் மீனைப் போலவே பிராணவாயு வேண்டும். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே கரையும். ஆகவே நம் ஊரில் காற்றுப் பம்பு அலங்காரப் பொருளன்று. பிராணவாயு குறைந்து கழிவு மிஞ்சினால் என்ன நேரும் என்பதற்குத் தொட்டியைத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், ஏலூருக்கு அருகே பாதாளத்தில் பெரியாற்றின் தடுப்பணை மதகுகள் திறக்கப்பட்டதை அடுத்து, வராப்புழை வரை கூண்டு மீன்களும் ஆற்று மீன்களும் டன் கணக்கில் செத்து மிதந்தன. தேங்கியிருந்த, பிராணவாயு குன்றிய நீர் பாய்ந்ததே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நீரில் அமோனியாவும் சல்ஃபைடும் அபாய அளவில் இருந்தன என்றது கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. காரணத்தைப் பற்றி வழக்காடலாம். கடன் வாங்கிக் கூண்டில் மீன் வளர்த்தவர்கள் ஓரிரவில் எல்லாம் இழந்தனர் என்பதில் வழக்கில்லை.

இனி மீனைத் தேர்வது. கடையில் கண்ணைப் பறிக்கும் “மிஸ் கேரளா” என்னும் செங்கோட்டு மீனை மலை ஓடைகளிலிருந்து அறிவுலகுக்கு 1865இல் அறிமுகம் செய்தவர் கொச்சியில் பணிபுரிந்த படை மருத்துவர் ஃபிரான்சிஸ் டே. சென்னை கவர்னராயிருந்த டெனிசனின் பெயரை அதற்கு இட்டார். 15 முதல் 25 டிகிரி வரை குளிர்ந்து, கல்லில் மோதி நுரைத்து ஓடும் நீர் அதற்கு வேண்டும். வணிகத்துக்காக வரைமுறையின்றிப் பிடிக்கப்பட்டதும் சேர்ந்து, இன்று அழிவின் விளிம்பை நோக்கி நிற்கும் இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது. மட்டாஞ்சேரியின் வெக்கையில் அதை வைத்துக்கொண்டு பனிக்கட்டிப் பொட்டலங்களோடு போராடுவதில் பயனில்லை. நம் காயலிலேயே பிறந்து வளரும் பள்ளத்தியைப் பாருங்கள். கரிமீனுக்கு உறவு; பொன்னிறம்; உள்ளங்கைக்குள் அடங்கும். நன்னீரிலும் வாழும், உவர்நீரிலும் வாழும்; நம் வெப்பம் அதற்கு இயல்பு. வெளிநாட்டார் நெடுங்காலமாக விலை கொடுத்து வாங்கித் தொட்டியில் வைக்கும் இந்த மீனை, நாம் குழம்புக்கு மட்டுமே உரியதாக நினைக்கிறோம். கோடையில் கரிக்கும் கிணற்று நீரைத் தவிர வேறில்லை என்பவருக்கும் இது கைகொடுக்கும். மோலி மீனும் அப்படியே. கிணறு உவர்ப்பாக இருந்தால் நீரை மாற்ற முயல்வதைவிட மீனை மாற்றுவது எளிது.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 50 லிட்டர் நீர் நிற்கும். வாரம் ஒருமுறை ஒரு வாளி, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, மாற்றினால் போதும். முழுவதையும் ஒரே நாளில் மாற்றுவது மீனுக்கும் கேடு, ஊருக்கும் நட்டம். புது நீர் முதல் நாளே பிடித்துவைத்ததாக, தொட்டி நீரின் வெப்பத்தோடு ஒத்ததாக இருக்கட்டும், மெல்ல ஊற்றுக. இறைத்த பழைய நீரில் நைட்ரேட் நிறைந்திருக்கும். அது செடிக்கு உரம். வாசலில் தொட்டிச் செடி வைத்திருப்போர் அதைக் கறிவேப்பிலைக்கோ துளசிக்கோ ஊற்றலாம். கிணறு உவர்ப்பாக இருந்து அந்த நீரையே தொட்டிக்குப் பயன்படுத்துவோர் மட்டும் செடிக்கு ஊற்றாமல் முற்றம் கழுவ வைத்துக்கொள்க.